அரிசிச் சாக்கில் வந்த மண்

தொட்டி மண்ணைக் கொட்டிக் கிளறும்போதெல்லாம் எனக்குள் ஒரு லாரி ஹாரன் அடிக்கிறது. சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து மாமா எங்கள் ஈப்போ அடுக்குமாடிக்குக் குடிவந்த நாளின் ஹாரன். கட்டில், அடுப்பு, கோழியில்லாத கோழிக்கூண்டு, கூடவே இரண்டு அரிசிச் சாக்கு. மின்தூக்கி வழக்கம்போலச் செத்துக் கிடந்தது. சாக்குகளைத் தோளிலேயே மாடிக்கு ஏற்றி, தொப்பென்று இறக்கினார்.

"அரிசியாடா?" என்றாள் அம்மா.

"மண்ணு, அக்கா! நம்ம வீட்டு வாசல்ல வெட்டுனது. உன் கருவேப்பிலைக்கு லா!"

நடைபாதையில் பெயிண்ட் வாளியில் நின்ற அந்தச் செடி இன்றோ நாளையோ என்றிருந்தது. அதைப் பார்த்துப் பார்த்து அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. மாமா பழைய மண்ணை மொத்தமாகக் கொட்டினார். தோட்டத்துச் செம்மண்ணைச் செடியைச் சுற்றித் திணித்து, முஷ்டியால் குத்தி இறுக்கினார். நானும் குத்தினேன். முழங்கைவரை சிவப்பு! குதித்துக் குதித்து ஊரையே கூட்டினேன்.

கொஞ்ச நாளில் வாளி மண் செங்கல்லாகிவிட்டது. ஊற்றிய தண்ணீர் இறங்காமல் மேலேயே குளம் கட்டியது. மிச்ச இலையும் மஞ்சளானது. மாமா வேலைக்குப் போன பகலில் அம்மா வாளியைக் கவிழ்த்துத் தட்டினாள். வாளி வடிவிலேயே, கேக் மாதிரி, மண் வெளியே வந்தது.

"உடைடி!"

சுத்தியலோடு நான் ஆடிய ஆட்டம்! அம்மா அழுகிய வேரை நறுக்கினாள். வாளியின் அடியில் ஆணியால் துளைகள் போட்டாள். கருக்கிய உமி, தேங்காய் நார், மக்கிய சாணி என்று கலந்தாள். கலவை விரலிடுக்கில் பொலபொலவென்று ஓடியது. மாமாவின் மண்ணில் ஒரு பிடி மட்டும் சேர்த்தாள்.

பிறகு ஒரு காலையில் தளிர்! தண்டெங்கும் செம்பச்சைத் தளிர்!

மாமா நடைபாதையையே அதிரவைத்தார். "பாத்தீங்களா அண்ணே! தோட்டத்து மண்ணு பேசுது லா!"

பக்கத்து வீட்டுக்காரர் விடவில்லை. "எனக்கும் ஒரு வாளி குடு மச்சான், என் பொண்டாட்டியும் பேசாமத்தான் இருக்கா."

'உமி!' என்று கத்த வாயைத் திறந்தேன். இடுப்பில் நறுக்கென்று ஒரு கிள்ளு.

"ஆமாடா தம்பி," என்றாள் அம்மா. "எல்லாம் உன் மண்ணுதான்."

மாமா கிளம்பி வந்த மறுநாளே, தோட்டத்தில் அவர் இருந்த லயத்து வரிசை வீடுகளை இடித்துத் தள்ளிவிட்டார்கள். அது அப்போதே எனக்கும் தெரியும். அதற்கும் என் இடுப்பில் விழுந்த கிள்ளுக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் அன்று தெரியவில்லை.