ரெண்டு பல்லுக்கு ஒரு பெட்

என் அக்கா பையன் கோகுல் சமீபத்தில் ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆனான். பதறாதீர்கள்... பல்லுக்குத்தான்.

பனியன் கம்பெனி ஒன்றில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். கட்டிங் செக்‌ஷனில் கிடந்த வேஸ்ட் துணியில் வழுக்கி, டேபிள் விளிம்பில் வாயை மோதிக்கொண்டான். உதடு கிழிந்து, முன்பல் இரண்டும் போச்சு. அடுத்த வாரம் நிச்சயதார்த்தம்!

"கம்பெனி இன்சூரன்ஸ் இருக்குதுங்க..." என்றேன், பில்லிங் கவுன்டரில்.

"பல்லுக்கு வராதுங்க," என்றார் அங்கிருந்த பெண். "விபத்துல போன பல்லுன்னா வரும். அதுக்கும் அட்மிட் ஆகியிருக்கணுங்க."

நல்லவேளை — இப்படிச் சொல்லலாமா தெரியவில்லை — எக்ஸ்ரேயில் தாடை எலும்பில் லேசான விரிசல். "ஒரு நாள் இருந்துட்டுப் போகட்டும்" என்றார் டாக்டர். எங்களுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். எலும்பில் விரிசல் விட்டதற்குச் சந்தோஷப்பட்ட குடும்பம் வேறு உண்டா?

கையில் சலைன் ஏறியது. வாயைத் துண்டால் மூடிக்கொண்டு படுத்திருந்தான் கோகுல். "மாமா, எனக்கு ஒண்ணுமில்லீங்க... பஷிக்குதுங்க" என்றான். பார்க்க வந்தவர்களோ வரிசையாக ஆப்பிள் வாங்கி வந்தார்கள்!

அத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. 'மாப்பிள்ளை பெட்டில் கிடக்கிறார்' என்ற செய்தி தாராபுரத்தில் இருக்கும் பெண் வீட்டுக்குப் போய்விட்டது. பொண்ணோட அப்பா, பொண்ணு நந்தினியையும் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினார்.

"ஏனுங்க, பையனுக்கு என்னங்க வியாதி?"

"வியாதியெல்லாம் இல்லீங்க. பல்லுங்க."

"பல்லுக்கு யாராச்சும் பெட்டுல படுப்பாங்களா?"

"இன்சூரன்ஸுக்காகத்தானுங்க..."

அவர் முகம் வெளுத்துவிட்டது. "இன்சூரன்ஸ் பேசற அளவுக்குப் போயிருச்சுங்களா?"

அக்கா அழ ஆரம்பித்தாள். சம்பந்தம் கைநழுவிப் போகிறது என்றே நினைத்தேன். நந்தினி மட்டும் நேராகக் கட்டிலுக்குப் போனாள்.

"துண்டை எடுங்க."

கோகுல் தலையை ஆட்டி மறுத்தான். கண்ணில் தண்ணீர்.

"எடுங்கன்னா எடுங்க."

எடுத்தான். வாயைத் திறந்தான். உத்துப் பார்த்தவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அப்பா, ரெண்டே பல்லுதாங்கப்பா. மத்ததெல்லாம் இருக்குது!" என்றாள். அவளைப் பார்த்து அவனும் சிரித்தான் — அந்த வாயோடு! அவ்வளவுதான், சம்பந்தி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து ஒரு ஆப்பிளை எடுத்துக் கடித்தார்.

குறித்த நாளில் நிச்சயம் நடந்தது. தற்காலிகப் பல் மாட்டியிருந்த மாப்பிள்ளை, போட்டோகிராபர் கேட்காமலே சிரித்தார்.

மறுநாள் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து பதில். ரூம் உண்டு, சலைன் உண்டு, தையல் உண்டு. புதுப் பல் மட்டும் கிடையாது. அது 'அழகு சார்ந்த சிகிச்சை'யாம்! விடுவாளா நந்தினி? கஸ்டமர் கேருக்குப் போன் போட்டாள்.

"ஏனுங்க சார், உங்க ஊட்டுல எல்லாரும் முன்பல்லை அழகுக்கு மட்டுந்தான் வச்சிருக்கறீங்களா?"

ஃபைலை மறுபடியும் பார்க்கிறார்களாம். பார்க்கட்டும்... இந்தப் பெண்ணிடம் பல்லைக் காட்டித் தப்பித்துவிட முடியாது!