பள்ளத்துப் பக்கம் நின்றவர்

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். எதற்கும் நேரம் குறித்துப் பழகிய கை. இதையும் குறித்துத்தான் வைத்திருக்கிறேன்.

அந்த மலைப்பாதையில் அண்ணனும் நானும் மட்டும். நடை ஒழுங்கையெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தவனே அவன்தான். ஏறி வருகிறவருக்கு வழி விடு. ஒதுங்கினால் மலைப் பக்கம் ஒதுங்கு, பள்ளத்துப் பக்கம் நிற்காதே. பாதை பிரிகிற இடத்தில், பின்னால் வருகிறவர் தலை தெரியும்வரை நகராதே. போன வருடம் இதே பாதையில் நண்பரைப் பறிகொடுத்தவன். "இருட்டுற வரைக்கும் நின்னேன், அவன் வரவே இல்ல" என்று வீட்டில் விழுந்து விழுந்து அழுதவன்.

இறங்கும்போது என் முழங்கால் பிசகிவிட்டது. மழையும் பிடித்துக்கொண்டது.

"நீ மெதுவா வா. ஒவ்வொரு பிரிவுலயும் நிப்பேன்."

நீல மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு முன்னால் போனான்.

3.12. முதல் பிரிவு. மூடுபனிக்குள் நீலக் கோட்டு தெரிந்தது. என்னைப் பார்த்ததும் கை காட்டிவிட்டு நகர்ந்தான். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறானே என்று மனசு குளிர்ந்தது.

3.40. இரண்டாவது பிரிவு. நின்றான். ஆனால் பள்ளத்துப் பக்கம்...

"அண்ணா, பைத்தியமா உனக்கு? இந்தப் பக்கம் வா!"

அவன் முன்னால் நகர்ந்தான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

என் ஷூ சளக்... சளக்... என்றது. அவன் நடக்கிற சத்தமே இல்லை.

4.05. மூன்றாவது பிரிவு. சற்று முன் எங்கோ இடி இடித்த மாதிரி ஒரு சத்தம் கேட்டிருந்தது. ஏறும்போது இடது வழியாகத்தான் வந்தோம்.

இங்கேயும் பள்ளத்துப் பக்கமே நின்ற அவன் கை வலது பக்கம் நீண்டது.

பத்தடி தூரம்தான்...

கொட்டுகிற மழையில் அந்தக் கோட்டு நனையவே இல்லை.

காலை இழுத்துக்கொண்டே வலது பக்கம் ஓடினேன்.

4.31. கேட். அண்ணன் காருக்குள் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். தலை காய்ந்திருந்தது.

"மழை வலுத்துடுச்சு... நீ எப்படியும் வந்துடுவேன்னு தெரியும்."

"அப்ப அங்க நின்னது யாரு?"

"எங்க?"

கேட்டைப் பூட்டிக்கொண்டிருந்த காவலர் என்னைப் பார்த்து வெலவெலத்துப் போனார். இறங்குகிறவர்கள் எழுதிவிட்டுப் போகும் நோட்டைக் காட்டினார். 'இருவரும் இறங்கிவிட்டோம். 3.30.' அண்ணன் கையெழுத்து.

பார்த்ததைச் சொன்னேன்.

"மூணாவது பிரிவுலயா? அங்க பள்ளத்துப் பக்கம் நிக்க இடமே கிடையாதும்மா. இடது பாதை நாலு மணிக்கே சரிஞ்சு போச்சு. சத்தம் இங்க வரைக்கும் கேட்டுச்சு."

பிறகு பழைய நோட்டை எடுத்து வந்து பிரித்தார். போன வருடத்துத் தேதி. அதே கையெழுத்து. 'இருவரும் இறங்கிவிட்டோம். 4.00.'

"இதை நம்பி நாங்க தேடவே போகல. கூட வந்தவரு மூணு நாள் கழிச்சு மூணாவது பிரிவுக்குக் கீழ கிடந்தாரு. நீலக் கோட்டு போட்டிருந்தாரு."

காரைப் பார்த்தேன். அண்ணன் கண்ணாடியை ஏற்றிவிட்டிருந்தான்.

கூடப்பிறந்தவன் எனக்காக நிற்கவில்லை. அவன் விட்டுவிட்டு வந்தவர் நின்றார்.