பூவரசடியில் கட்டிய கக்கூஸ்

பரீதாவுக்குத் தன் மகளை நினைத்து உட்கார ஊரில் ஒரே ஓர் இடம்தான் இருந்தது. அதில் கக்கூஸ் கட்டிவிட்டார்கள்.

பெருநாளன்று பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போன வள்ளம் கரைக்குக் கிட்டவே கவிழ்ந்தது. பரீதாவின் ஒரே மகள் றிஷானாவையும் மற்றப் பிள்ளைகளையும் தூக்கிவந்து, கரையில் நிற்கும் பூவரசின் அடியில்தான் கிடத்தினார்கள். பிறகு ஆண்கள் அவர்களைச் சுமந்து போய் மையவாடியில் அடக்கினார்கள். எங்கள் ஊரில் பெண்கள் மையவாடிக்குப் போகும் வழக்கமில்லை.

அதனால் வெள்ளிக்கிழமைகளில் அசர் தொழுதபின் பரீதா அந்த மரத்தடியில் பாய் விரித்து, மகளுக்காகக் குர்ஆனின் யாஸீன் அத்தியாயத்தை ஓதுவாள். இடியப்பம் அவித்து விற்றுப் பிழைக்கிறவள். வெள்ளியில் மட்டும் அடுப்பு மூட்டமாட்டாள். மற்றத் தாய்மாரும் வருவார்கள். பக்கத்து வீட்டுக்காரியான நானும் போவேன்.

அந்தக் கரையில் பிள்ளைகளின் நினைவாகப் பூங்கா அமைக்க ஒரு குழு போட்டார்கள். அத்தனை பேரும் ஆண்கள். பரீதாவின் புருஷன் முனீபும் அதில் இருந்தார். வாசலில் குழுத் தலைவரின் பெயர் பொறித்த கல், நடுவில் ஊஞ்சல், கண்ணில் படாத மூலையில் கக்கூஸ் என்று பிளான் கீறினார்கள். அந்த மூலைதான் பூவரசடி. வெள்ளிதோறும் மையவாடிக்குப் போய்வருகிற இவர்களுக்கு, நாங்கள் எங்கே போகிறோம் என்று ஒருநாளாவது கேட்கத் தோன்றவில்லை.

பரீதா தலைவரின் வீட்டுக்கே போய், கக்கூசுக்குப் பக்கத்தில் இருந்து ஓதக் கூடாதே, வேறு பக்கம் மாற்றுங்கள் என்று கெஞ்சினாள். பிளான் பாஸாகிவிட்டதாம், இனி ஏலாதாம். வீட்டிலிருந்தே ஓதலாமே என்று புத்தியும் சொன்னாராம். முனீப் பக்கத்தில் நின்றும் வாய் திறக்கவில்லை.

திறப்பு விழாவன்று சரியான வெயில். பூங்காவில் நிழல் அந்த ஒரு மரத்தடியில்தான் இருந்தது; உட்காரக் கதிரைகளை அங்கேயே போட்டார்கள். துஆ ஓத வந்த மௌலவி பின்னாலிருந்த கக்கூஸ் சுவரைப் பார்த்தார்.

“இதில நிண்டு ஓத ஏலாது,” என்றார்.

தலைவர் துள்ளி எழுந்தார். கண்மூடித் திறப்பதற்குள் கதிரைகள் எல்லாம் மறுபக்கம் போயின. பரீதா கெஞ்சியபோது அசையாத மனிதர்களுக்கு என்ன சுறுசுறுப்பு. சீ.

பரீதா மரத்தடியிலேயே நின்றாள். முனீப் ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு அவளையும் வரச்சொன்னார்.

“மௌலவிக்கு ஓத வேற எடம் குடுத்துட்டீங்க,” என்றாள். “நீங்க வெள்ளிக்கிழம மகள்ட்ட போவீங்க. நான் எங்க போற?”

முனீப் கதிரையைக் கீழே வைத்தார். மறுபக்கத்தில் துஆ தொடங்கியது. அவர் போகவில்லை.