கதவுநிலையில் போட்ட கோடுகள்

பிள்ளை எப்படி வளர்கிறது என்பதைப் படித்துத் தெரிந்துகொண்டவன் நான். பதுளையில் பாதிரிமார் பாலர் ஆசிரியர்களுக்கென்று ஒரு வகுப்பு நடத்தினார்கள். எத்தனை மாதத்தில் கழுத்து நிற்கும், எந்த வயதில் பல் விழும், பிள்ளை எதற்கெல்லாம் அழும் என்று ஒரு வருஷம் பாடம். கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்த என் அப்பாவுக்கு அது பெரிய வேடிக்கை. "பிள்ள வளக்குறதுக்கும் படிப்பா? கொல்லத் தெருவுல ஊசி விக்கப் போறியாக்கும்" என்று கடைக்கு வருகிறவர்கள் முன்னால் சிரிப்பார். சிரிக்கட்டும் என்று விட்டேன். அந்த வயதில் எனக்குத் திமிர் கொஞ்சம் அதிகம்.

படிப்பு முடிந்ததும் தெமோதரைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். தகரக் கொட்டகை, முப்பது பிள்ளைகள். வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடியே மாதம் ஒரு தடவை ஒவ்வொரு பிள்ளையையும் கதவுநிலையோடு ஒட்டி நிறுத்தி, தலைக்கு மேல் கரியால் கோடு போட்டேன். போன மாதக் கோட்டைத் தாண்டிய பிள்ளைக்கு எல்லோரும் கைதட்ட வேண்டும். அதுகளுக்கு அது ஒரு திருவிழா.

தொழிலாளர் குடியிருப்பான மேல் லயத்துச் சிறுமி ஒருத்திக்கு மட்டும் கோடு ஏறவே இல்லை. எட்டு வயது, தாய் இல்லை. படிப்பில் அவளை மிஞ்ச ஆளில்லை. வளராத பிள்ளைக்கு முதல் மருந்து பால் என்று படித்திருந்தேன். தோட்டத்திலிருந்து எனக்கு வந்த பாலை அவளுக்குக் கொடுத்தேன். ஐந்தாம் மாதம் கோடு ஏறியது. அடுத்த மாதமும் ஏறியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. தை மாதம் பதுளைப் பெண்கள் விடுதியில் அவளைச் சேர்த்துப் படிக்கவைக்கப் பாதிரிமாரிடம் சம்மதமும் வாங்கிவிட்டேன். அவள் தகப்பன், "அனுப்புறேங்க. ஆனா அதுக்குள்ள செக்ரோல்ல பேரு விழுந்துட்டா என்னால முடியாதுங்க" என்றான். செக்ரோல் என்பது தோட்டத்து வேலையாள் பதிவேடு. அதில் ஏறிய பேர் லேசில் இறங்காது.

மார்கழியில் வேலைக்குப் பிள்ளைகளைப் பொறுக்க, ஆள் மேய்க்கும் கங்காணி வந்தார். கதவுநிலையைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "வாத்தியாரே, நம்ம சோலிய மிச்சம் பண்ணிட்டீங்களே!" கையோடு கொண்டுவந்த கொழுந்துக் கூடையை நிலையோடு வைத்துப் பார்த்து, அதைத் தலையில் மாட்டி முதுகில் தொங்கவிட்டால் குதிகாலில் இடிக்காத உயரத்தில் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியால் ஒரு வெட்டு வெட்டினார். "இதுக்கு மேல நிக்கிறதெல்லாம் நாளைக்குக் காலைல ஆளெண்ணுற பெரட்டுக்கு வந்து பேரு குடுக்கட்டும்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். ஆனாலும் அவளுடைய கடைசிக் கோடு அந்த வெட்டுக்கு ஒரு விரல் கீழே இருந்தது. இந்த வருஷம் தப்பித்தாள் என்று மூச்சு விட்டேன்.

கங்காணி கோட்டை நம்பவில்லை. ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு நிறுத்தினார். அவள் முறை வந்தது. நிலையில் முதுகை ஒட்டி நின்று, என்னைப் பார்த்துச் சிரித்தாள். மெல்லக் குதிகாலைத் தூக்கினாள். வெட்டு அவள் தலைக்குப் பின்னால் மறைந்தது.

கங்காணி தலையைத்தான் பார்த்தார், காலைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். "காலை இறக்கு" என்று சொல்ல வாயெடுத்தேன். தோட்டத்தை நடத்தும் துரை காதுக்குப் போனால் என் வேலை போய்விடும் என்ற பயத்தில் வாய் அடைத்துக்கொண்டது. அந்தக் கோழைத்தனத்தை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை.

"இதையும் சேத்துக்க" என்றார் கங்காணி, பேர் குறிக்கக் கூட வந்த ஆளிடம்.

கோட்டைத் தாண்டிவிட்டாள் என்று பிள்ளைகள் எல்லாம் கைதட்டின.