தை வரைக்கும் ஒரு கிளட்ச் கடை

கிளட்ச் கோளாறு என்று வரும் வண்டிகளில் பாதிக்கு மேல் கோளாறு கிளட்ச்சில் இருக்காது, ஓட்டிக்கொண்டு வந்தவர் கையில் இருக்கும். பழைய மோட்டார் சைக்கிளோடு மாரடித்தவர்களுக்கு இதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மற்றவர்கள் நான் பட்டதைக் கேட்டுவிட்டுச் சிரித்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் நடுவில், கோவை காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், புல்லட் கிளட்ச்சுக்கென்றே ஒரு பட்டறை போட்டேன். நூறு சி.சி. வண்டிகள் ஊரை நிறைத்துவிட்ட நேரம். பழைய புல்லட்டை விடவும் முடியாமல் ஓட்டவும் முடியாமல் தவித்தவர்கள் எல்லாம் என்னைத் தேடி வருவார்கள் என்று நம்பினேன். என் மனைவியின் அண்ணன் இரும்பு வார்க்கும் பவுண்டரி வைத்திருந்தார். அங்கே சூப்பர்வைசராக வரச் சொல்லிக் கொண்டே இருந்தார். பெண் எடுத்த வீட்டில் போய்க் கைகட்டிச் சம்பளம் வாங்குவதா என்று எனக்கு ரோஷம். கடைசியில், "ஒரு வருஷம் பாருங்க மாப்ள. அடுத்த தைக்குள்ள கடை தன் கால்ல நிக்கலீன்னா பேசாம நம்மகூட வந்துருங்க" என்றார். சரி என்று தலையாட்டினேன்.

சொந்த லேத்

முதலில் வந்தவர் கணபதி ஏரியாவில் லேத் பட்டறை வைத்திருந்தவர். "கிளட்ச் கொஞ்சம் கெட்டியா இருக்குங்க" என்றார். நான் லீவரைப் பிடித்து இழுத்தேன். வண்டிதான் என் பக்கம் சாய்ந்தது, லீவர் அசையவில்லை. இந்த லட்சணத்தில் மாதம் இரண்டு கேபிள் அறுகிறதாம்.

கழற்றிப் பார்த்தால், ஒவ்வொரு ஸ்பிரிங்குக்கு அடியிலும் அதை நெருக்கி இறுக்க ஒரு பித்தளை வளையம், புஷ் என்போம். கோயில் நகை மாதிரி பளபளவென்று கடைந்து வைத்திருந்தார். ஸ்பிரிங் தளர்ந்து கிளட்ச் வழுக்கியதாம், புது ஸ்பிரிங் வாங்க மனசில்லாமல் அவரே வைத்தியம் பார்த்துவிட்டார். நம் ஊரில் இதுதான் சாபக்கேடு. லேத் வைத்திருப்பவன் எதையும் கடையில் வாங்கமாட்டான். நான் புஷ்களை எடுத்துக் கையில் கொடுத்து, புது ஸ்பிரிங் மாட்டி அனுப்பினேன். லீவர் வெண்ணெயாக இழுபட்டது. நாலாம் நாள் அறுந்த கேபிளோடு வந்து நின்றார். உள்ளே பார்த்தால் மறுபடியும் அதே புஷ். ஏன் என்றேன்.

"நீங்க போட்டது நல்லாத்தானுங்க இருந்துச்சு. ஆனா நம்ம கையில கடைஞ்சதைச் சும்மா வெக்க மனசு வரலீங்க."

ஓடாத வண்டி

ஆடி மாதம். ஆர்.எஸ்.புரத்திலிருந்து ஒரு அம்மா டெம்போவில் புல்லட்டை ஏற்றிக்கொண்டு வந்தார். கணவர் இறந்து இரண்டு வருஷம். அன்றிலிருந்து வண்டியை யாரும் தொடவில்லை. கிளட்ச் போய்விட்டது, பழைய இரும்புக்குத்தான் ஆகும், தன்னிடம் கொடுத்துவிடச் சொல்லிக் கொழுந்தனார் நச்சரிக்கிறாராம். அது நிஜமா என்று தெரியவேண்டும் என்றார்.

பிளேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன, அவ்வளவுதான். சும்மா நிற்கும் வண்டிக்கு வரும் நோய். லீவரை இழுத்துப் பிடித்துக்கொண்டு இருபது முப்பது முறை கிக்கரை மிதித்தேன். விட்டுக்கொடுத்தது. ஆயில், பெட்ரோல் மாற்றி ஸ்டார்ட் செய்ததும் சந்தே அதிர்ந்தது. அந்த அம்மா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்கோ, இந்த வண்டி ஊருக்குள் ஓடினால் நாலு பேர் விசாரிப்பார்கள், கடை நிமிர்ந்துவிடும் என்ற அற்ப ஆசை வந்தது. அவர் டெம்போக்காரரைக் கூப்பிட்டார்.

"கொழுந்தனாரு பொய் சொன்னாருன்னு தெரிஞ்சுபோச்சுங்க, அது போதும். ஓடாத மாதிரியே ஏத்தி உட்டுருங்க. ஓடற வண்டின்னா அவரு உடவே மாட்டாருங்க."

நாலு விரல்

சத்தியமங்கலத்துப் பூ வியாபாரி ஒருவர். விடிவதற்குள் மல்லிகை மூட்டையோடு கோவைக்கு வந்துவிடுவார். அவருக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை கிளட்ச் பிளேட் கருகியது. எஞ்சின் அலறும், வண்டி நகராது. மூன்றாம் முறை புதுப் பிளேட் போட்டதும், நானே பின்னால் ஏறிக் கோவில்பாளையம் வரை போய்ப் பார்த்தேன். போகும் வழி முழுக்க அவருடைய நாலு விரலும் லீவரைப் பாதி இழுத்தபடியே இருந்தன. எந்தப் பிளேட் தாங்கும்?

இறங்கிப் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். கியர் மாற்றும்போது மட்டும் பிடியுங்கள், மற்ற நேரம் கையை எடுத்துவிடுங்கள் என்றேன். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம். என் கடையில் போடும் பிளேட் நிற்காது என்று சத்தி முழுக்கச் சொல்லிவிட்டார். கார்த்திகைக்குப் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வண்டி வரவில்லை. அன்று நடுரோட்டில் அவர் என்னைப் பார்த்துக் கேட்டது இன்னும் காதில் நிற்கிறது.

"ஏனுங்க, கையை எடுத்துப்போட்டா வண்டி நம்ம பேச்சைக் கேக்குமுங்களா?"

மச்சான் வந்தார்

தைக்கு ஒரு வாரம் இருந்தது. கடையில் ஒரு வண்டி இல்லை. நான் சுத்தமான ஸ்பேனரையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தேன். மச்சான் தன் புல்லட்டில் வந்து இறங்கினார். கெடு பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மேட்டில் வண்டி ஏற மறுக்கிறது, எஞ்சின்தான் கத்துகிறது, மூன்று இடத்தில் காட்டியாயிற்று என்றார்.

கேபிளை யாரோ விறைப்பாக முறுக்கி வைத்திருந்தார்கள். லீவரில் துளி ஆட்டம் இல்லை, கிளட்ச் எப்படி முழுசாகப் பிடிக்கும்? ஐந்து நிமிஷம் கூட ஆகவில்லை, தளர்த்திக் கொடுத்துவிட்டேன். எதையாவது அரைகுறையாக விட்டு நாலு நாள் இழுத்தடித்திருந்தால், தை வரைக்கும் கடையில் ஒரு வண்டியாவது நின்றிருக்கும். கை கேட்கவில்லை. மச்சான் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தார். முகம் மலர்ந்திருந்தது. என் தோளில் கை வைத்தார். இந்த ஒரு வருஷத்தில் என் வேலையை மனசார மெச்சி ஒருவர் சொன்ன முதல் வார்த்தை அப்போதுதான் வந்தது.

"அருமையான கையுங்க மாப்ள. இதை இந்தச் சந்துல வெச்சு வீணாக்கிப்போட்டீங்களே! சாத்திப்போட்டு ஏறுங்க, போலாம்."

ஒரு வருஷத்தில் நான் தொட்ட கிளட்ச்சுகளில் யாரும் எந்தக் குறையும் சொல்லாமல் ஓடிய ஒரே வண்டி, என்னைப் பின்னால் உட்காரவைத்துப் பவுண்டரிக்குக் கூட்டிப்போன அந்த வண்டிதான்.