கல்தோல் பெண்ணும் ஹெப்பகோடி நாய்களும்

எங்கள் மூவரில் பெங்களூர் காக்ஸ் டவுன்காரிதான் தலைவி. நாங்கள் யாரும் அவளைத் தேர்ந்தெடுக்கவில்லை. குரல் பெரிது, ஆட்டோக்காரரிடம் கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழில் சண்டையை முடிப்பாள், அதனால் பதவி தானாகவே போய்ச் சேர்ந்துவிட்டது. அலுவலகத்தில் அவள் என் பக்கத்து நாற்காலி. நான் திருப்பத்தூரிலிருந்து வேலைக்கு வந்தவள். நகரத்தின் ஓரத்தில், ஹெப்பகோடியில், பிஜி என்கிற ஒரு பெண்கள் விடுதியில் தங்கியிருந்தேன். என் அறையின் இன்னொரு கட்டில் ஓசூர்க்காரியுடையது. அவள் பக்கத்து ஆலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தாள்.

ஓசூர்க்காரிக்குப் பயம் அதிகம். லிஃப்டுக்குப் பயம், பல்லிக்குப் பயம், குக்கர் மூன்றாவது விசில் அடித்தால் பயம். நாய் என்றால் கேட்கவே வேண்டாம். எங்கள் தெருமுனை டீக்கடையில் படுத்திருக்கும் நாய்களைத் தவிர்ப்பதற்காகவே பின் தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போவாள். என்னோடு வந்தால் என் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியபடி நடப்பாள்.

அந்த ஜப்பான் தொடரை எங்களுக்குக் காட்டியவள் காக்ஸ் டவுன்காரி. ஒரு சனிக்கிழமை மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு பிஜிக்கு வந்தாள். துறைமுக ஊர் ஒன்றில் ஐந்து பிள்ளைகள். ஆளுக்கொரு சக்தி, எல்லாமே அரைகுறை. பறக்கிறவள் தென்னை உயரத்துக்கு மேல் போனால் தலைசுற்றி விழுவாள். நெருப்புக் கையுள்ள தலைவனுக்குத் தும்மல் வந்தால் சட்டை பற்றிக்கொள்ளும். தோல் கல்லாக மாறும் ஒரு பெண் உண்டு. மாறும்போது உடம்பெல்லாம் வலிக்கும். அழுதுகொண்டேதான் மாறுவாள், அழுதுகொண்டேதான் அடிப்பாள்.

"கார்ட்டூன் பார்க்கிற வயசாடி நமக்கு?" என்று நான் முதல் நாள் கேட்டேன்.

"அனிமேன்னு சொல்லு. கார்ட்டூன்னு சொன்னே, நான் எந்திரிச்சுப் போயிடுவேன்" என்றாள் காக்ஸ் டவுன்காரி.

அன்று மாலைக்குள் மூன்று பேரும் கண் சிவக்க உட்கார்ந்திருந்தோம். ஓசூர்க்காரி கல்தோல் பெண்ணுக்காக மூக்கைச் சிந்தி என் துண்டை நாசம் செய்திருந்தாள். அப்புறம் சனிக்கிழமை என்றாலே அதுதான் என்றாகிவிட்டது.

நகரத்தில் ஒரு மண்டபத்தில் இப்படித் தொடர் பார்க்கிற ஆட்கள் வேஷம் கட்டிக்கொண்டு கூடுகிறார்கள், மேடையேறினால் பரிசும் உண்டு என்று தலைவி ஒருநாள் சேதி கொண்டுவந்தாள். பேரப்பிள்ளை எடுக்கிற வயதிலும் அதற்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள், நமக்கென்ன வெட்கம் என்பது அவள் வாதம். அவள் தலைவன் வேஷம், சிவப்பு மேலங்கி. ஓசூர்க்காரிக்குக் கல்தோல் பெண். இரண்டு பழைய யோகா பாயை வெட்டி, சாம்பல் நிறம் அடித்து, கை, கால், நெஞ்சு என்று கட்டிவிட்டோம். நடமாடும் அம்மிக்கல் மாதிரி இருந்தாள். எனக்குப் பறக்கிறவள்.

றெக்கை செய்ய அட்டை கிடைத்தது. இறகுக்கு எங்கே போவது? கடையில் விற்கிற வண்ண இறகு பொம்மைக்குத்தான் ஆகும். மார்க்கெட் பக்கத்துக் கோழிக்கடைக்காரர் ஒரு சாக்கு நிறையச் சும்மாவே கொடுத்தார். நான் அதை ஷாம்பூ போட்டு அலசி, மொட்டைமாடியில் காயவைத்து, மூன்று வரிசையாக ஒட்டினேன். பார்க்க உண்மையிலேயே அழகாக இருந்தது. மல்லிகை வாசம் கூட வந்தது. எங்களுக்கு வந்தது அந்த வாசம்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை சீக்கிரமே கிளம்பினோம். காக்ஸ் டவுன்காரி முந்தின நாளே வந்து எங்களோடு தங்கிவிட்டாள். தெருவில் ஆளில்லை. அம்மிக்கல் வேகமாக நடக்க முடியாததால் பின் தெரு சுற்றவேண்டாம், நேராகப் போய்விடலாம் என்று தலைவி உத்தரவிட்டாள்.

"நாய் இருக்கும்டி" என்றாள் ஓசூர்க்காரி.

"நான் முன்னாடி போறேன். நீ என் பின்னாடியே வா. எதுனா வந்தா நான் பாத்துக்கறேன்."

டீக்கடைக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு செம்பட்டை நாய் தலையைத் தூக்கியது. மூக்கை இரண்டு தரம் ஆட்டியது. எழுந்து நின்றது. அதன் பின்னால் இருந்த கூட்டமும் எழுந்தது. அவை தலைவியைப் பார்க்கவில்லை, அம்மிக்கல்லையும் பார்க்கவில்லை. எல்லாக் கண்ணும் என் முதுகின் மேல்தான் இருந்தது. ஷாம்பூவால் மனிதர்களை ஏமாற்றலாம். ஒரு சாக்குக் கோழி நடந்து வருகிறது என்பது அவற்றுக்குத் தெரிந்துபோயிற்று.

"ஓடாதீங்க! ஓடினா தொரத்தும்!" என்று கத்திவிட்டு காக்ஸ் டவுன்காரி ஓடினாள். ஓரமாக நின்ற சரக்கு ஆட்டோவின் மேல் அவள் எப்படி ஏறினாள் என்பது அவளுக்கே இன்றுவரை தெரியாது. நான் திரும்பி ஓடப் பார்த்தேன். றெக்கை ஒரு மின்கம்பத்தில் மாட்டி என்னைச் சுழற்றிவிட்டது. குப்புற விழுந்தேன். முதுகில் இறகு பிய்கிற சத்தம். கெண்டைக்காலில் ஊசி போல ஏதோ இறங்கியது.

ஓசூர்க்காரி அதற்குள் பிஜி கேட்டையே எட்டியிருந்தாள். அதை நான் விழுந்தபடி பார்த்தேன். கேட்டைத் திறந்தாள், திரும்பிப் பார்த்தாள், "ஐயோ அம்மா" என்று ஒரு தரம் அழுதாள். அழுதுகொண்டே என்னை நோக்கி ஓடிவந்தாள். யோகா பாய் முழங்காலை மடக்கவிடாததால் அது ஓட்டம் என்றும் சொல்ல முடியாது. இரண்டு பக்கமும் ஆடி ஆடி வந்தாள்.

வரும்போதே கல்தோல் பெண் அடிப்பதற்கு முன்னால் முழங்கும் ஜப்பானிய வாக்கியத்தைக் கத்தினாள். எங்களில் யாருக்கும் அதன் அர்த்தம் தெரியாது. நாய்களுக்கும் தெரியவில்லை. செம்பட்டை அவள் முன்கையைக் கவ்வியது. பல் யோகா பாயில் சிக்கிக்கொண்டு வெளியே வரவில்லை. அவள் கையை உதறினாள், நாயும் சேர்ந்து ஆடியது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்து அலறினார்கள்.

"ஹச்சா! ஹோகு! ஹச்சா!" என்று அவள் கன்னடத்துக்கு மாறி விரட்டியதும் மற்ற நாய்கள் கொஞ்சம் பின்வாங்கின. அந்த நேரத்தில் என் முதுகிலிருந்து வாரை அறுத்து றெக்கையைப் பிடுங்கினாள். இருந்த பலத்தையெல்லாம் சேர்த்துத் தெருவின் மறுபக்கம் வீசினாள். செம்பட்டையும் ஒரு துண்டு யோகா பாயோடு விடுபட்டு அதன் பின்னால் போயிற்று. என் பல நாள் உழைப்பு காலைச் சிற்றுண்டி ஆனது.

டீக்கடைக்காரர் சோப்பும் தண்ணீரும் கொண்டுவந்தார். குழாயடியில் என் காலை நீட்டி வெகுநேரம் கழுவச் சொன்னார். ஓசூர்க்காரி பக்கத்தில் உட்கார்ந்து இன்னும் அழுதுகொண்டிருந்தாள். அவள் மேல் ஒரு கீறல் இல்லை. தலைவி சரக்கு ஆட்டோவிலிருந்து இறங்கி வந்து தலையைக் குனிந்து நின்றாள்.

"சாரிடி. நான் பாத்துக்கறேன்னு சொன்னேன்."

"மேல இருந்து பாத்துட்டுத்தானே இருந்தே" என்றாள் ஓசூர்க்காரி, பல் கிடுகிடுக்க. அவள் கேலிக்குச் சொல்லவில்லை. ஆனால் நான் சிரித்துவிட்டேன், பிறகு மூவரும் சிரித்தோம். டீக்கடைக்காரர்தான் கவலையோடு எங்களைப் பார்த்தார். நாய்க்கடி அதற்குள் தலைக்கு ஏறிவிட்டதா என்று நினைத்திருப்பார்.

வேஷத்தைக் கழற்ற நேரமில்லாமல் அப்படியே அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். காக்ஸ் டவுன்காரி பட்ட வெட்கத்துக்கெல்லாம் அங்கே ஓடியாடி ஈடுகட்டினாள். சிவப்பு மேலங்கி பறக்க, சீட்டு வாங்கும் இடத்துக்கும் ஊசி போடும் அறைக்கும் ஓடினாள்.

நர்ஸம்மா எங்களை மேலும் கீழும் பார்த்தார். "யாவ நாடக?" என்ன நாடகம் என்று கேட்கிறார்.

"நாடக அல்ல சிஸ்டர், நாயி" என்றாள் தலைவி.

எனக்கு ஊசி என்றால் உயிர் போய்விடும். அதிலும் கையில் போடுவது போதாது, காயத்தைச் சுற்றியும் போடவேண்டும் என்றார்கள். தலைவி என் கையை இறுகப் பிடித்தாள். "என்னைப் பாரு. ஊசியைப் பாக்காத. நான் இருக்கேன்ல" என்றாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் ஊசியைப் பார்த்தாள். முகம் வெளுத்தது. சிவப்பு மேலங்கியோடு அப்படியே சரிந்தாள். நர்ஸம்மா என்னை விட்டுவிட்டு அவளுக்குத் தண்ணீர் தெளிக்கப் போனார். ஓசூர்க்காரி அம்மிக்கல் கைகளால் அவளைத் தாங்கி, "இன்னும் எத்தனை பேரைத்தான்டி நான் தூக்குறது" என்று அழுதாள்.

மண்டபத்துக்கு அன்று போகவில்லை. அதன் பிறகும் ஒரு மாதத்துக்குள் சில ஊசிகள் பாக்கியிருந்தன. ஒவ்வொன்றுக்கும் இருவரும் லீவு சொல்லிவிட்டு வந்தார்கள். கடித்தது எனக்குத்தான், நீங்கள் எதற்கு என்றால் கேட்கமாட்டார்கள். தலைவி அறைக்குள் வந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு, என் தோளில் கை வைத்து நிற்பாள். ஊசிப் பக்கம் மட்டும் திரும்பமாட்டாள். இருந்தாலும் ஒருதரம் கூட வெளியே போய் நிற்கவில்லை.

கடைசி ஊசி அன்று வரிசை நீளம். தொடரின் கடைசிப் பகுதியைக் கைபேசியில் போட்டு பெஞ்சில் உட்கார்ந்தோம். பக்கத்தில் கையில் கட்டுப் போட்டிருந்த ஒரு பெரியவர் எட்டிப் பார்த்து, படத்தில் வரும் இந்தப் பெண் ஏன் அழுகிறாள் என்று கன்னடத்தில் கேட்டார். தலைவி ஆரம்பத்திலிருந்து கதை சொல்லத் தொடங்கினாள். சொல்லச் சொல்ல முன் பெஞ்சு திரும்பியது, பின் பெஞ்சு எழுந்து வந்தது. ஒரு குழந்தையின் அம்மா, "ஆமேலே? ஆமேலே?" என்று அடுத்தது அடுத்தது என அவசரப்படுத்தினாள். என் எண்ணை இரண்டு தரம் கூப்பிட்டும் எனக்குக் கேட்கவில்லை. நர்ஸம்மா சிரிஞ்சோடு வெளியே வந்துவிட்டார்.

"ஏன்மா, ஊசி வேணாமா?"

"ஒந்து நிமிஷ சிஸ்டர்" என்றார் பெரியவர். "கடல்ல விழுந்த பையனைத் தூக்க அந்தக் கல்லுப் பொண்ணு குதிக்கப் போகுது."

"கல்லுன்னா மூழ்கிடாதா?" என்றார் நர்ஸம்மா. கேட்டுக்கொண்டே என் சட்டைக் கையை மடித்தார், பஞ்சால் துடைத்தார். அவர் கண் கைபேசியில்தான் இருந்தது. ஊசி எப்போது இறங்கியது என்று எனக்கும் தெரியவில்லை.