பனிச்சறுக்குப் பரிசும் முத்தம்மாக்காவின் கைநாட்டும்

1. முதல் நாள் கேட்ட சட்டம்

நான் பனியில் சறுக்கியதில்லை. சறுக்குகிறவர்களைப் பார்த்ததும் இல்லை. ஆனால் ஐம்பதுகளில் நுவரெலியா டவுனில் ஒரு பயண ஆபீஸில் கப்பல், பிளேன் டிக்கெட் எழுதுகிற பாஸேஜ் கிளாக்கராக இருந்துகொண்டு, தோட்டத்துத் துரைமார்களைச் சுவிட்சர்லாந்துக்கும் ஆஸ்திரியாவுக்கும் பனிச்சறுக்குக்கு அனுப்பி வைத்தேன். எந்த ஊரில் எந்த வாரம் பனி கிடக்கும் என்று என்னிடம் கேட்டுவிட்டுத்தான் போவார்கள். இப்போது இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் அனுபவத்தை எழுதித் தரச் சொல்கிறார்கள். எழுதுகிறேன். பெருமைப்பட இதில் ஒன்றுமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மெனேஜர் ஒரு பறங்கியர். தமிழ் நன்றாகப் பேசுவார். வேலைக்குச் சேர்ந்த அன்று ஐரோப்பா வரைபடத்தை மேசையில் விரித்தார்.

"நீ லிந்துலைத் தோட்டத்துல பொறந்தவன்தானே? குளிருன்னா என்னான்னு தெரியும்ல?"

"தெரியுங்க."

"அப்ப இத மண்டையில ஏத்திக்க. டிசம்பர் ஆரம்பத்துல போறவன, நம்ம நுவரெலியா உயரத்துக்குக் கீழ இருக்கிற எந்த ஊருக்கும் அனுப்பாத. கீழ போனா வெறும் சேறுதான் இருக்கும். சேத்துல சறுக்குறதுன்னா இங்கேயே சறுக்கலாம். பிளேன் டிக்கெட் எதுக்கு?"

ஏன் டிசம்பர் ஆரம்பம் என்றால், எங்கள் பக்கத்துத் துரைமார்களுக்கு அதுதான் வாய்ப்பு. ஜனவரி பிறந்தால் லிந்துலை அடங்கிய திம்புளைப் பக்கத்தில் நல்ல தேயிலைக் காலம் தொடங்கிவிடும். துரை தோட்டத்தில் நின்றாக வேண்டும். கிறிஸ்மஸுக்கு முன்னால் ஹோட்டல்களில் அறையும் சுலபமாகக் கிடைக்கும். ஆனால் பனி விழுந்திருக்குமா என்பதுதான் சிக்கல். அதனால் ஆகஸ்டிலேயே ஹோட்டல்களுக்குக் கடிதம் போடுவேன். உங்கள் ஊர் எத்தனை அடி உயரம், போன வருஷம் முதல் பனி எப்போது விழுந்தது, மலைக்கு இழுத்துப்போகும் லிப்ட் எந்தத் தேதியில் ஓட ஆரம்பிக்கும், இந்த மூன்று கேள்விகள். வருகிற பதிலையெல்லாம் ஒரு நீல நோட்டில் ஊர்வாரியாக எழுதி வைப்பேன். மூன்று வருஷத்தில் அந்த நோட்டை வைத்தே டவுனில் எனக்கு மரியாதை வந்துவிட்டது.

2. சிவப்பு ரிப்பன்

துரைமார்கள் இந்தப் பயணத்தைப் பெரும்பாலும் பரிசாகத்தான் வாங்குவார்கள். பெண்சாதியின் பிறந்தநாளுக்கு, கல்யாண நாளுக்கு. டிக்கெட், ஹோட்டல் கடிதம், பனிமலை போட்ட கலர் போஸ்ட்கார்ட் ஒன்று, எல்லாவற்றையும் நல்ல கவரில் போட்டு, சிவப்பு ரிப்பன் கட்டிக் கொடுக்க வேண்டும். ரிப்பன் கட்டுவது என் வேலை.

ஒருமுறை நான் ஒரு பங்களாவுக்குப் போன் போட்டு, எடுத்தது துரையின் பெண்சாதி, துரைசாணி என்பதை யோசிக்காமல், "ஹோட்டல் ரூம் கன்பர்ம் ஆயிருச்சு" என்று சொல்லிவிட்டேன். மெனேஜர் என்னைக் கூப்பிட்டு வைத்துத் திட்டினார்.

"கிப்ட்னா வாயத் திறக்கக் கூடாது. முன்னாடியே தெரிஞ்சுட்டா அது கிப்ட் இல்ல, பில்லு."

அன்றிலிருந்து நான் வாயைத் திறக்கவில்லை. திறக்க வேண்டிய இடத்திலும் திறக்கவில்லை.

3. குசினி வாசலில்

ஒரு வருஷம் செப்டெம்பரில், நான் பிறந்த தோட்டத்துத் துரையே ஆபீஸுக்கு வந்தார். நவம்பரில் துரைசாணியின் பிறந்தநாள். டிசம்பர் முதல் வாரத்தில் கிளம்பி இரண்டு வாரம் சுவிட்சர்லாந்து. நோட்டைப் பார்த்து, நுவரெலியாவைவிட உயரமான ஊர் ஒன்றைச் சொன்னேன். சரி என்றார்.

"கிளாக்கர், நாங்க ரெண்டு பேரும் மலைக்குப் போனா புள்ளைங்கள யாரு பாக்குறது? ஆயாவையும் போடு. அவளுக்கும் அது கிறிஸ்மஸ் கிப்ட். ஆனா அவ காதுல போடாத. அவளுக்குத் தெரிஞ்சா அடுத்த நிமிசம் தொரசாணிக்குத் தெரியும்."

ஆயா என்றது முத்தம்மாக்காவை. தோட்டத்து வரிசை வீடுகளில் என் லயத்துக்கு எதிர் லயம். புருஷன் செத்த பிறகு பங்களாவுக்கு ஆயா வேலைக்குப் போனவர். ஒரே மகள் ராசாத்தி. அதே தோட்டத்தில் கொழுந்து எடுத்தாள், அங்கேயே கல்யாணமும் செய்துகொண்டிருந்தாள். முத்தம்மாக்காவுக்கு உலகத்தில் வேறு ஆள் இல்லை.

ஆயாவுக்குப் பாஸ்போர்ட் வேண்டும். அங்கேதான் பிரச்சினை. சுதந்திரம் வந்த கையோடு எங்கள் சனங்களை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களாக ஆக்கி வைத்திருந்தார்கள். இதே மண்ணில் பிறந்தவனும், நான் இந்த நாட்டுக்காரன்தான் என்று பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டுவிட்டு, விசாரணைக்கு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வெட்கங்கெட்ட சட்டம். அதற்கு மேல் அதைப் பற்றி எழுதினால் என் வாயில் நல்ல வார்த்தை வராது.

எனக்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று, கொழும்புக்கு எழுதி, நாடில்லாதவர்களுக்குக் கொடுக்கிற பயணக் கடுதாசிக்குக் காத்திருப்பது. மாதக்கணக்கில் ஆகும், ஆயாவை நேரில் கூப்பிடுவார்கள், ரகசியம் உடையும். இன்னொன்று, அவருடைய தகப்பன் ஊரைப் போட்டு இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிப்பது. சீக்கிரம் கிடைத்துவிடும். நான் இரண்டாவதை எடுத்தேன்.

விண்ணப்பப் பாரத்தை நிரப்பி எடுத்துக்கொண்டு பங்களாவுக்குப் போனேன். முத்தம்மாக்கா சமையல் நடக்கிற குசினி வாசலில் பிள்ளைகளின் சப்பாத்துக்குப் பாலிஷ் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னா தம்பி, கடுதாசியோட வந்திருக்க? என் தலைக்கு வெல போட்டுட்டாங்களா?"

"இல்லக்கா. தொரை சொன்னாங்க, ஒரு கைநாட்டு வைக்கணும்."

"தொரை சொன்னா வச்சிற வேண்டியதுதான். வச்சா என்னா வரும்?"

"நல்லதுதான் வரும்."

"நல்லது கொண்டாற கடுதாசிய நான் இன்னும் பாக்கல தம்பி. நீ படிச்ச புள்ள, நீ சொன்னா சரி."

"அக்கா, உங்க அப்பா ஊரு எது?"

"தொறையூருப் பக்கம்னு சொல்லும். நான் கண்டேனா? நான் பொறந்தது இந்தா, இந்த மூணாம் நம்பர் லயத்துல."

அடுத்த கேள்வியை நான் கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டேன்.

"பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டிருக்கீங்கல்ல?"

"ரெண்டு வருசமாச்சு. ராசாத்திக்கு அவ புருசனோட சேத்து வந்திருச்சு. எனக்கும் வந்துட்டா அவ பக்கத்துலயே கெடந்து கண்ண மூடிருவேன். ஏன் கேக்குற?"

"சும்மாதான்கா."

சும்மா இல்லை. நான் கையில் வைத்திருந்த பாரத்தில், நான் இந்தியப் பிரஜை என்று இங்கிலீஷில் அச்சடித்திருந்தது. அதன் கீழேதான் அவர் கட்டைவிரலைப் பிடித்து வைத்தேன். கொழும்பில் இருக்கிற அவருடைய பிரஜாவுரிமைப் பைலுக்கு இது ஆகாது என்று எனக்குத் தெரியும். இரண்டு பைலும் ஒன்றை ஒன்று பார்க்கவா போகிறது என்று நினைத்தேன். பிறந்தநாளுக்கு ஆறு வாரம்தான் இருந்தது.

பாஸ்போர்ட்டுக்கு டவுன் ஸ்டூடியோவில் படம் எடுத்தபோது, பிள்ளைகளின் ஆல்பத்துக்கு என்று அவரிடம் சொன்னேன். ராசாத்தியின் கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

4. ஜன்னலில் பார்த்த பனி

பிறந்தநாளன்று ரிப்பன் அவிழ்ந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை முத்தம்மாக்கா ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். சிரிப்பு அடங்கவில்லை.

"அடப்பாவி தம்பி! வெள்ளக்காரன் ஊருக்கு என்னயப் பார்சல் கட்டிட்டு, ஒரு வார்த்த சொல்லல பாத்தியா!"

அன்றைக்கு எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

பனி சொன்ன வாரத்தில் விழுந்தது. துரை சந்தோஷமாகத் திரும்பி வந்தார். முத்தம்மாக்கா ஹோட்டலில் குளிக்கக் கொடுத்த சின்னச் சவுக்காரக் கட்டி ஒன்றை எனக்குக் கொண்டுவந்து கொடுத்தார்.

"எப்பிடிக்கா இருந்துச்சு?"

"ரூமுக்குள்ளதான் தம்பி இருந்தேன். புள்ளைங்களுக்குச் சளி. ஜன்னல்ல பாத்தேன், மலைக்கெல்லாம் சுண்ணாம்பு அடிச்சுவிட்ட மாதிரி. ஒரு நாளு தொரசாணி கீழ கூட்டிட்டுப் போயி நிக்க வச்சாங்க. கால் வெரலு வெறச்சுப் போச்சு. இங்க ஜனவரியில வெள்ளப்பனி விழுந்தா கொழுந்து கருகுதுன்னு அழுவுறோம். அங்க அத வேடிக்க பாக்க வர்றான்."

பிறகு பாஸ்போர்ட்டைப் பிரித்துக் காட்டினார்.

"இது என்னா சீலு?"

இந்த நாட்டுக்குத் திரும்பி வருவதற்காக நானே வாங்கிக் கொடுத்த விசா. தற்காலிகமாகத் தங்க அனுமதி என்று இருந்தது. நாற்பத்தைந்து வருஷம் இங்கேயே இருந்தவருக்குத் தற்காலிகம்.

"ஒண்ணுமில்லக்கா, வழக்கமா குத்துறதுதான்" என்றேன்.

5. விசாரணை

அடுத்த வருஷம் முத்தம்மாக்காவைப் பிரஜாவுரிமை விசாரணைக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. விசாரணைக்குப் போகிறவர்கள் வீட்டில் இருக்கிற கடுதாசியை எல்லாம் துணியில் முடிந்துகொண்டு போவது எங்கள் சனங்களின் வழக்கம். பிறப்புச் சீட்டு, அம்மை குத்திய துண்டு, தோட்டத்துக் கடிதம், எது கேட்பார்களோ என்று எல்லாவற்றையும் கொண்டு போவார்கள். எவ்வளவு கடுதாசி காட்டுகிறோமோ அவ்வளவு நல்லது என்பது நம்பிக்கை. முத்தம்மாக்காவும் முடிந்துகொண்டு போனார். எல்லாவற்றுக்கும் மேலே அந்தப் பாஸ்போர்ட்டை வைத்திருந்தார். மூன்று சிங்கம் போட்ட புத்தகம், தன் படம் ஒட்டியது, இதைவிடப் பெரிய கடுதாசி ஏது என்று நினைத்து அதைத்தான் முதலில் எடுத்து நீட்டியிருக்கிறார்.

விசாரணை அதோடு முடிந்தது. இந்தியப் பிரஜைக்கு இங்கே என்ன உரிமை என்று விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள். விசா முடிந்தபோது புதுப்பித்துக் கொடுக்கவும் இல்லை. நாட்டை விட்டுப் போகத் தேதி குறித்துக் கடிதம் வந்தது. அதை என்னிடம்தான் வாசிக்கக் கொண்டுவந்தார்கள், தாயும் மகளும். வாசித்தேன். இந்தமுறை ஒரு வரி விடாமல் வாசித்தேன்.

ராசாத்திதான் கேட்டாள். "அந்தப் புத்தகம் எடுத்துக் குடுத்தது நீங்கதானே?"

"ஆமா."

"இப்படி ஆகும்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

நான் கடிதத்தை நாலாக மடித்துக்கொண்டிருந்தேன். அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசியதில்லை.

துரையிடம் போனேன். மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லிக் கேட்டேன்.

"நல்ல ஆயான்னு சர்டிபிகேட் எழுதிக் குடுத்துட்டேனே கிளாக்கர். அவளுக்கு ஊரு இருக்கு, பாஸ்போர்ட் இருக்கு. அப்புறம் என்ன?"

"தொரை, அந்தப் பாஸ்போர்ட் உங்க கிப்ட்டுக்காக எடுத்ததுங்க."

"நான் ஆயாவப் போடுன்னுதானே சொன்னேன்? எந்தப் பாஸ்போர்ட்னு சொன்னேனா? அது நீ எடுத்தது."

மனுஷன் சொன்னது உண்மை. அதுதான் எனக்கு ஆறவில்லை. நான் நின்றுகொண்டே இருந்தேன். அவர் பைப்பைப் பற்றவைத்துக்கொண்டு கேட்டார்.

"இந்த டிசம்பருக்கு ஆஸ்திரியா பாக்கலாம்னு இருக்கோம். எந்த ஊர்ல சீக்கிரம் பனி விழும்?"

நான் பையிலிருந்து நீல நோட்டை எடுத்து, பக்கத்தைப் புரட்டி, ஊர்ப் பெயரைச் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் செய்த காரியங்களில் எனக்கு மிகவும் அருவருப்பானது எது என்று கேட்டால், கைநாட்டு வாங்கியது இல்லை. இதுதான்.

6. நானுஓயா ஸ்டேஷன்

முத்தம்மாக்காவின் டிக்கெட்டையும் நான்தான் எழுதினேன். நானுஓயாவிலிருந்து தலைமன்னார், அங்கிருந்து கப்பல், பிறகு அக்கரையில் ரயில். அந்த மேசையில் உட்கார்ந்து துரைமார்களுக்கு நான் எழுதியதெல்லாம் போகவும் வரவும் சேர்த்து எழுதிய டிக்கெட். இது ஒருவழி. பழுப்புக் கவரில் போட்டு ஸ்டேஷனுக்குக் கொண்டு போனேன்.

ஒரு தகரப் பெட்டி, ஒரு போர்வை மூட்டை. ராசாத்தி தாயின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்து நின்றாள். முத்தம்மாக்கா கவரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எல்லாருக்கும் செவப்பு ரிப்பன் கட்டிக் குடுப்பியே தம்பி. எனக்குக் கட்டலையா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

"அக்கா, அன்னைக்கு நான் அத வாசிச்சுக் காட்டியிருக்கணும்."

"வாசிச்சாலும் தொரை சொன்னா வச்சிருப்பேன் தம்பி." கவரை மடியில் செருகிக்கொண்டு, "ஆனா ராசாத்திய ஒரு வார்த்த கேட்டுட்டு வச்சிருப்பேன்" என்றார்.

ரயில் வருகிற சத்தம் கேட்டபோது இன்னொன்று கேட்டார்.

"தொறையூரு எப்படி ஊரு தம்பி? குளிருமா?"

எனக்குத் தெரியவில்லை. ஆல்ப்ஸ் மலையில் முப்பது ஊர்களின் உயரம் எனக்கு மனப்பாடம். எந்த ஊரில் எத்தனையாம் தேதி பனி விழும் என்று சொல்லுவேன். இந்த மனுஷியை நான் அனுப்புகிற ஊர் எப்படி இருக்கும், எந்த ஸ்டேஷனில் இறங்க வேண்டும், அங்கே இவரை அடையாளம் தெரிந்த ஒரு ஆளாவது உண்டா, எதையும் விசாரிக்கவில்லை. யாருக்கும் ஒரு கடிதம் போட்டுக் கேட்கவில்லை.

"குளிராதுக்கா" என்றேன்.

"அப்ப இந்தப் போர்வ எதுக்கு? நீ வச்சுக்க ராசாத்தி" என்று மூட்டையை அவிழ்த்து மகள் கையில் கொடுத்துவிட்டு ஏறினார்.

அவரிடமிருந்து ஒரே ஒரு கடிதம் வந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். யாரையோ பிடித்து எழுதச் சொல்லியிருக்கிறார். அதில் என்ன இருந்தது என்று ராசாத்தி எனக்குச் சொல்லவில்லை. கேட்க எனக்கு முகமும் இல்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இரண்டு. டிசம்பர் ஆரம்பத்தில் போகிறவர்களை உயரமான ஊருக்கு அனுப்புங்கள். இதை மெனேஜர் எனக்கு முதல் நாளே இலவசமாகச் சொல்லிக் கொடுத்தார். இரண்டாவது, யாராவது கைநாட்டு வைக்கப் போகிறார் என்றால், பாரத்தை முழுதாக வாசித்துக் காட்டாமல் மை டப்பாவின் மூடியைத் திறக்காதீர்கள். பரிசு கெட்டுப் போனால் போகட்டும். இதை நான் கற்றுக்கொள்வதற்கு முத்தம்மாக்கா கப்பலேற வேண்டியிருந்தது.